ஐ5-க்கு 6600ஆ, ஐ3-க்கு 4060ஆ? ஒரே போர்டில் இரண்டு ஜோடிகள்

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் கேமிங் பிசி சேர்ப்பவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள். கையில் இருக்கும் காசில் பிராசசருக்கு எவ்வளவு, கிராபிக்ஸ் கார்டுக்கு எவ்வளவு? ஓசூர்க்காரர் காலையில் பஸ் ஏறினால் பெங்களூரு எஸ்.பி. ரோட்டு கம்ப்யூட்டர் கடைகளுக்குப் போய் வாங்கிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். தருமபுரிக்காரருக்கு அது முழு நாள் வேலை. தப்பான ஜோடியோடு திரும்பி வந்தால் இன்னொரு நாளும் போச்சு, மாற்றித் தர மறுக்கும் கடைக்காரரிடம் தொண்டைத் தண்ணியும் போச்சு.

இங்கே அலசுவது இரண்டு ஜோடிகளை. முதலாவது கோர் ஐ5 12400எஃப், அதோடு ரேடியான் ஆர்எக்ஸ் 6600. இரண்டாவது கோர் ஐ3 12100எஃப், அதோடு ஜிஃபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 4060. இரண்டுக்கும் அதே எச்610 மதர்போர்டு, அதே இரண்டு 8 ஜிபி டிடிஆர்4 3200 ரேம், அதே 500 வாட் பவர் சப்ளை. மாறுவது ஜோடி மட்டும்தான். விலை வாரத்துக்கு வாரம் ஆடும், அதனால் தொகை எழுதவில்லை. பொதுவாக முதல் ஜோடி சில ஆயிரம் குறைவாக முடியும். நான் எடுத்தது முதல் ஜோடி. இந்த அலசல் அந்தப் பக்கமே சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தெரிந்த விஷயங்களைச் சட்டென்று முடித்துவிடலாம். ஐ3-இல் 4 கோர் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள்), 8 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசைகள்), 12 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே உள்ள வேக நினைவகம்). ஐ5-இல் 6 கோர், 12 த்ரெட், 18 எம்பி. உச்ச வேகம் 4.3-உம் 4.4-உம் கிகாஹெர்ட்ஸ், அதில் பெரிய வித்தியாசம் கிடையாது. கார்டுகள் இரண்டிலும் 8 ஜிபி மெமரி. 1080பி-யில் (1920x1080 பிக்சல் திரை) 6600-ஐவிட 4060 ஏறக்குறைய கால் பங்கு கூடுதல் வேகம். ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டு நிழலும் பிரதிபலிப்பும் வரையும் ரே டிரேசிங் போட்டால் இடைவெளி இன்னும் விரியும். ஆக, கார்டை மட்டும் தராசில் வைத்தால் இரண்டாவது ஜோடிதான் கனம்.

ஆனால் திரையில் வரும் ஒவ்வொரு ஃபிரேமும் (ஒரு தனிப் படம்) இரண்டு பேர் கையைத் தாண்டித்தான் வருகிறது. எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே பாய்கிறது, எதையெதை வரைய வேண்டும் என்று கணக்குப் போட்டு வேலைப் பட்டியல் தருவது பிராசசர். அதை வாங்கி வரைவது கார்டு. இருவரில் யார் மெதுவோ, அவர் வேகம்தான் மொத்த வேகம். ஓர் உதாரணக் கணக்கு: ஒரு ஃபிரேமுக்கு பிராசசர் 8 மில்லி செகண்ட், கார்டு 12 மில்லி செகண்ட் எடுத்தால் கிடைப்பது நொடிக்கு 83 ஃபிரேம், அதாவது 83 எஃப்பிஎஸ். கார்டை மாற்றி அதன் நேரத்தை 6-ஆக்கினால் 166 வரும் என்று மனக்கோட்டை கட்டக்கூடாது. பிராசசரின் 8 மில்லி செகண்ட் அங்கேயே நிற்பதால் 125-ஓடு நின்றுவிடும். மிச்ச நேரம் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும்.

இனி, இந்த முடிவைத் தீர்மானிக்கும் ஒரே விஷயம். கார்டு திணறினால் செட்டிங்ஸில் குறைத்துச் சமாளிக்கலாம். பிராசசர் திணறினால் குறைக்க அதிகம் எதுவும் இல்லை.

ஷேடோவை அல்ட்ராவில் இருந்து மீடியத்துக்கு இறக்கினால் கார்டு மூச்சு விடும். வால்யூமெட்ரிக் மேகம், பிரதிபலிப்பு, ஆம்பியன்ட் அக்ளூஷன் (மூலை இடுக்கு நிழல்) எல்லாமே பெரும்பாலும் கார்டின் சுமைதான். எதுவும் போதவில்லை என்றால் ஏஎம்டி-யின் எஃப்எஸ்ஆர் வசதியைக் குவாலிட்டியில் போடலாம்; 1080பி திரைக்கு உள்ளே 720பி-யில் வரைந்து பெரிதாக்கும். 20.7 லட்சம் பிக்சல் 9.2 லட்சமாகச் சுருங்குகிறது. படம் கொஞ்சம் மங்கும், ஆனால் விளையாட்டு ஓடும். 6600 வைத்திருப்பவர் கையில் இத்தனை பிடிகள் இருக்கின்றன.

பிராசசர் பக்கம் வந்தால் பிடி இரண்டு மூன்றுதான். சைபர்பங்க் 2077-இல் கூட்ட அடர்த்தியைக் குறைக்கலாம். ஜிடிஏ 5-இல் மக்கள்தொகை அடர்த்தி, நீட்டித்த தூரக் காட்சி இரண்டையும் இறக்கலாம். ரே டிரேசிங்கை நிறுத்தலாம். அது கார்டை மட்டும் தின்பதில்லை, பிராசசருக்கும் வேலை வைக்கும். அதோடு சரி. 128 பேர் மோதும் பேட்டில்ஃபீல்ட் 2042 சர்வரில் எத்தனை பேர் ஓடுகிறார்கள் என்பதை எந்த மெனுவிலும் குறைக்க முடியாது. ரெசல்யூஷனை இறக்கினாலும் அந்தக் கணக்கு அப்படியே இருக்கும்.

இதன் விளைவு சராசரி எஃப்பிஎஸ்-இல் சரியாகத் தெரியாது. 1% லோ என்ற எண்ணில் தெரியும். மோசமான ஃபிரேம்கள் எவ்வளவு கீழே விழுகின்றன என்பதைக் காட்டும் எண் அது. சராசரி 110, 1% லோ 45 என்றால் கை உணர்வது அந்த 45-ஐத்தான்: திரும்பும்போது ஒரு வெட்டு, ஸ்கோப் திறக்கும்போது ஒரு உலுக்கல். சராசரி 90, 1% லோ 70 என்பது இதைவிட எவ்வளவோ மேல். கோர் நிறைய கேட்கும் கேம்களில் ஐ3-இன் நான்கு கோரும் நிரம்பிவிட்டால், டிஸ்கார்டு, பிரௌசர், விண்டோஸ் அப்டேட் எல்லாம் கேமோடு அதே கோர்களுக்கு முண்டியடிக்கின்றன. வெட்டு பிறப்பது அங்கேதான். ஐ5-இல் அந்த இரண்டு கோர் கூடுதலாக இருப்பதன் பலன் இதுதான். டைரக்ட்எக்ஸ் 12 கேம்களில் என்விடியா டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) பிராசசர்மேல் ரேடியான் டிரைவரைவிடக் கூடுதல் வேலை வைப்பதும் உண்டு. சின்ன பிராசசரோடு 4060 சேரும்போது அதுவும் கணக்கில் வரும்.

ஐ3-ஐ மட்டம் தட்டுவதாக நினைக்க வேண்டாம். வாலரன்ட் மட்டுமே ஆடுபவருக்கு அது தாராளம்; 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை (நொடிக்கு 144 படம் காட்டுவது) நிரப்பிவிடும். மொபைல் கேமை பிசி-யில் ஓட்டும் எமுலேட்டரான ப்ளூஸ்டாக்ஸில் ஃப்ரீ ஃபயர் ஆடுபவர்தான் யோசிக்க வேண்டும். எமுலேட்டருக்கு 4 கோர் ஒதுக்கிவிட்டால் ஐ3-இல் விண்டோஸுக்குத் தனியாக ஒன்றும் மிஞ்சாது, ஐ5-இல் இரண்டு மிஞ்சும். (பயாஸில், அதாவது மதர்போர்டின் அடிப்படை செட்டிங் திரையில், விர்ச்சுவலைசேஷனை ஆன் செய்யாமல் எமுலேட்டரைத் திட்டுபவர்கள் தனிக் கட்சி.)

உங்கள் கணினியில் மெதுவாக இருப்பது யார் என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். விசிங்க்கையும் (எஃப்பிஎஸ்-ஐ மானிட்டர் வேகத்தோடு கட்டிப்போடும் வசதி) எஃப்பிஎஸ் வரம்பையும் அணையுங்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டின் பயன்பாட்டைத் திரையில் வரவழையுங்கள். 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் தடை கார்டு. 60, 70 என்று தள்ளாடினால் பிராசசர் பக்கம் பாருங்கள். உறுதி செய்ய, ரெசல்யூஷனை 720பி-க்கு இறக்கி அதே இடத்தில் ஒரு நிமிடம் ஓடுங்கள். எஃப்பிஎஸ் ஏறாவிட்டால் சந்தேகமே வேண்டாம். பலரும் ஏமாறும் இடம் டாஸ்க் மேனேஜர். அதில் பிராசசர் 40 சதவீதம் என்று காட்டும், உடனே "பிராசசர் ஃப்ரீயாத்தானே இருக்கு" என்பார்கள். 12 த்ரெட்டின் கூட்டுச் சராசரி அது. கேமின் முதன்மைத் த்ரெட் ஒன்று முழுதாக நிரம்பினாலே ஃபிரேம் நின்றுவிடும், சராசரி அதைக் காட்டிக்கொடுக்காது. வாலரன்ட்டில் இந்தச் சுற்றுவேலைகூட வேண்டாம். ஸ்டாட்ஸ் பகுதியில் பிராசசர் நேரம், கார்டு நேரம் இரண்டையும் தனித்தனியாகக் காட்டும்.

ஜோடியைக் குறை சொல்வதற்கு முன் ரேமைப் பாருங்கள். 16 ஜிபி ஒரே ஸ்டிக்காகப் போட்டால் சிங்கிள் சேனல், அதாவது ரேமுக்கும் பிராசசருக்கும் நடுவே ஒரே பாதை. பிராசசர் தடையாக இருக்கும் கேம்களில் 1% லோ கண்கூடாக விழும். இரண்டு 8 ஜிபி-தான் சரி. 3200 என்று அட்டையில் போட்டிருக்கும் பல ஸ்டிக்குகள் பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமை அட்டையில் உள்ள வேகத்துக்கு ஓட்டும் செட்டிங்) போடும்வரை 2400-இலோ 2666-இலோதான் ஓடும். நான்கு ஸ்லாட் போர்டு என்றால் பிராசசரில் இருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் சொருக வேண்டும். எச்610-இல் ஸ்லாட்டே இரண்டுதான், குழப்பம் இல்லை. கார்டு மெமரி முழுவதையும் பிராசசர் நேராக அணுகவிடும் ரீசைசபிள் பாரையும் அப்போதே ஆன் செய்துவிடுங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிவிட்டு விண்டோஸில் 60-லேயே விட்டுவிடும் புண்ணியவான்களும் உண்டு. எஃப் என்று முடியும் பிராசசரில் உள் கிராபிக்ஸ் கிடையாது. மானிட்டர் கேபிளை மதர்போர்டில் சொருகினால் திரை கருப்பாகத்தான் இருக்கும், பிசி செத்துவிட்டதாகப் பதற வேண்டாம்.

இரண்டாவது ஜோடி எங்கே ஜெயிக்கிறது? 60 ஹெர்ட்ஸ் டிவியில் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 மாதிரி கதை கேம்களை அழகாகப் பார்த்து ஆட நினைப்பவருக்கு 4060 நல்ல தேர்வு. 60 எஃப்பிஎஸ் என்றால் ஃபிரேமுக்கு 16.7 மில்லி செகண்ட் அவகாசம் இருக்கிறது. பெரும்பாலான கேம்களில் ஐ3 அதற்குள் வேலையை முடித்துவிடும். 1440பி மானிட்டர் என்றாலும் அப்படித்தான்: பிக்சல் 1.78 மடங்காவதால் சுமை கார்டுக்குப் போய்விடும். என்விடியாவின் டிஎல்எஸ்எஸ்-உம் எஃப்எஸ்ஆர் போலவே சிறிதாக வரைந்து பெரிதாக்குவது; அதன் படம் எஃப்எஸ்ஆரைவிடத் தெளிவு. கல்யாண வீடியோ எடிட்டிங்கும் செய்பவர் என்றால் என்விடியாவின் என்கோடரும் (வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் பகுதி) கூடாவும் (எடிட்டிங் மென்பொருள்கள் கார்டின் பலத்தைப் பயன்படுத்தும் வழி) சோறு போடும், அங்கே வாதமே இல்லை. நடுநடுவே கார்டே ஃபிரேம் உருவாக்கிச் சேர்க்கும் ஃபிரேம் ஜெனரேஷன் பிராசசர் தடையை மறைக்கும் என்று கடையில் சொல்வார்கள். மறைக்கும், உண்மைதான். ஆனால் நடுவில் சேரும் ஃபிரேம்களுக்குக் கையின் அசைவு தெரியாது. அடிப்படை எஃப்பிஎஸ் 60 பக்கம் இருந்தால் சுகம்; 35-ஐ 70 ஆக்கினால் பார்க்க வழவழப்பு, சுட இழுவை.

மின்சாரத்தில் இரண்டுக்கும் பெரிய பேதம் இல்லை. 6600 கார்டு 132 வாட், 4060 கார்டு 115 வாட். மானிட்டரையும் சேர்த்தால் விளையாடும்போது 250 வாட்டுக்கு முன்பின் இழுக்கும். 600 விஏ யுபிஎஸ் சுமார் 360 வாட்டுக்குத்தான் தாங்கும், பேட்டரி பழசானால் கரண்ட் போன கணமே அணைத்துவிடும். 1000 விஏ நிம்மதி. வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்கள் பின்புறத்தில் உள்ள சுவிட்சை யுபிஎஸ் மோடில் வையுங்கள். மற்ற மோடில் மாறும் நேரம் அதிகம், பிசி ரீஸ்டார்ட் ஆகிவிடும். ஓசூரில் இருக்கும் குளிர்ச்சி தருமபுரியின் சித்திரை வெயிலில் கிடைக்காது. ஷீட் கூரை அறை என்றால் முன்பக்கம் காற்று இழுக்க இரண்டு ஃபேனாவது வேண்டும். கிரானைட் பட்டறைப் பக்கம் வீடு என்றால் மாதம் ஒருமுறை ஹீட்சிங்க் தூசியை ஊதாமல் விடாதீர்கள். சூட்டில் கிளாக் இறங்கினால் எந்த ஜோடியும் நொண்டும்.

இன்டெல் ஆர்க் பி580 பற்றியும் கேட்கிறார்கள். 12 ஜிபி மெமரி ஆசை காட்டும். ஆனால் அதன் டிரைவர் பிராசசரை நம்பியே ஓடுவதால் சின்ன பிராசசரோடு சேர்த்தால் சில கேம்களில் நன்றாகவே சறுக்கும். டிரைவர் அப்டேட்டுகளில் நிலைமை மாறிக்கொண்டே வருகிறது, அதில் என் பழக்கமும் குறைவு. ஐ3-ஓடு மட்டும் வேண்டாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கம்பெனி லீஸில் கழித்த பழைய ஆபீஸ் டவரில் 4060 போடலாமா என்ற யோசனைக்கும் ஒரு வார்த்தை. ஐ5 6500-இல் 4 கோர், 4 த்ரெட்தான். பல டவர்களில் பவர் சப்ளை கம்பெனியின் சொந்த வடிவம், கார்டுக்கான 8 பின் வயர் இருக்காது. கார்டு சொருகும் ஸ்லாட்டும் பழைய தலைமுறை பிசிஐஇ 3.0. 4060, 6600 இரண்டுமே 8 லேன் (தரவு ஓடும் தடம்) கார்டுகள் என்பதால், பிசிஐஇ 4.0-இல் கிடைக்கும் பாதையில் பாதிதான் கிடைக்கும். 8 ஜிபி நிரம்பி வழியும் கேமில் அது வலிக்கும். அதில் போடத் தகுந்தது தனி வயர் கேட்காத, 75 வாட்டுக்குள் ஓடும் ஜிடிஎக்ஸ் 1650 வகைதான்.

பிற்பாடு மாற்றுவதிலும் முதல் ஜோடிக்கே என் ஓட்டு. கார்டைக் கழற்ற இரண்டு ஸ்க்ரூ, ஒரு வயர், ஒரு கிளிப். தனியாக விற்கவும் ஆள் கிடைக்கும். பிராசசர் மாற்ற கூலரைக் கழற்றி, பேஸ்ட் துடைத்து, சாக்கெட் பின் வளையாமல் புதியதை உட்கார வைக்க வேண்டும். பழைய ஐ3-ஐ மட்டும் தனியாக வாங்க இங்கே ஆள் தேடித்தான் பிடிக்க வேண்டும், பெரும்பாலும் போர்டோடு சேர்த்துக் கேட்பார்கள். எஸ்.பி. ரோட்டில் டிரே பீஸ் என்று பெட்டியில்லாமல் குறைந்த விலைக்குத் தருவார்கள். அதில் கூலர் வராது, வாரன்டியும் பெரும்பாலும் கடைக்காரர் வாய்ச்சொல்தான். பெட்டி பீஸே வாங்குங்கள், ஜிஎஸ்டி பில்லில் கார்டின் சீரியல் நம்பரை எழுதச் சொல்லிவிட்டுப் பணம் கொடுங்கள்.