மில் வீடா, கடை வீடா?

லெபனானிலிருந்து அமெரிக்காவின் வடகிழக்கில் இருக்கும் நியூ இங்கிலாந்து பகுதியின் மில் ஊர்களுக்கு நூறு வருஷத்துக்கு முன்னால் வந்த குடும்பங்களுக்கு (அன்று அவர்களைச் சிரியர்கள் என்றுதான் சொன்னார்கள்) பெரும்பாலும் இரண்டு வழிதான்: மில் வேலை, இல்லாவிட்டால் வியாபாரம். பிள்ளை வளர எந்த வீடு நல்லது?

மில்லில் வாரக் கூலி உண்டு, ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. மெய்ன் மாநிலத்து வாட்டர்வில்லில் 1933இல் பிறந்த ஜார்ஜ் மிட்செலின் அம்மா லெபனானிலிருந்து வந்தவர். ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரியாது. ஜவுளி மில்லில் இரவு ஷிப்ட். மகன் பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டின் பெரும்பான்மைக் கட்சித் தலைவரானார். இரவெல்லாம் மெஷினோடு நின்றுவிட்டு, விடிந்ததும் பிள்ளைகளைக் கவனிக்கும் அம்மாவை நினைத்தாலே எனக்கு மனசு கனக்கிறது. அந்தக் கூலியும் நிலையில்லை. 1912 ஜனவரியில் மாசசூசெட்ஸின் லாரன்ஸ் ஊர் மில்களில் வேலை நேரம் வாரம் 56 மணியிலிருந்து 54 ஆனதும் கூலியையும் குறைத்தார்கள். அதை எதிர்த்து நடந்த வேலைநிறுத்தத்தில் ஜான் ரமி என்ற சிரிய இளைஞன் துப்பாக்கி முனைக் கத்தியால் குத்தப்பட்டு இறந்தான்.

வியாபாரம் என்றால் முதலில் முதுகு மூட்டை: பொத்தான், நூல், லேஸ், ஜெபமாலை. அப்பா நாள்கணக்கில் வீட்டுக்கு வரமாட்டார். அப்புறம் கொஞ்சம் காசு சேர்ந்தால் ஒரு மளிகைக் கடை. பிள்ளை கல்லாப்பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து கணக்கும் பழகும், வாடிக்கையாளர்களின் ஆங்கிலமும் பழகும். லீவு கிடையாது. ஆனால் அம்மாவும் அப்பாவும் கண்ணெதிரே இருப்பார்கள். அதற்காகவே நான் கடையைத்தான் சொல்வேன், மில் மூடினால் மில்காரர்கள் கடையில் வைத்த கடனும் வசூலாகாது என்று தெரிந்தும்.