முழுக்கை டாட்டூ: ஒரே திட்டமா, ஒவ்வொன்றாகவா?

தோளில் ஒரு சிங்கம், மணிக்கட்டில் ஒரு பெயர், நடுவில் காலேஜ் காலத்து நங்கூரம். இப்படிச் சேர்ந்த கையைப் பார்த்து, ‘இடைவெளியை நிரப்பினால் ஃபுல் ஸ்லீவ் ஆகிவிடுமே’ என்று ஒருநாள் தோன்றும். ஆகும். ஆனால் முழங்கையில்தான் மாட்டிக்கொள்வோம். அங்கே தோல் ஓயாமல் மடங்கி விரிகிறது. ஒரு முகத்தை வைத்தால் கையை மடக்கும்போதெல்லாம் வாய் கோணும்.

ஜப்பானிய பாணியில் இந்தச் சிக்கலை முதல் நாளே தீர்த்துவிடுகிறார்கள். மீனும் பூவும் மட்டுமல்ல, அலை, காற்று, மேகம் எல்லாம் சேர்ந்ததுதான் டிசைன். மார்க்கரால் கையிலேயே வரைந்து, கையை மடக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். முழங்கைக்கு ஓர் அலைச்சுழியோ விரிந்த பூவோ போகும். மேல்கையோடு நிறுத்துவதா, முன்கை பாதி வரையா, மணிக்கட்டு வரையா என்பதற்கும் அங்கே தனித்தனிப் பெயர் உண்டு.

ஒவ்வொன்றாகச் சேர்ப்பதில் வேறு சுகம். கையில் காசு இருக்கும்போது ஒன்று, பிடித்த ஆர்ட்டிஸ்டிடம் இன்னொன்று. அக்குள் பக்கத்து மேல்கை, முழங்கையின் உள்மடிப்பு மாதிரி உயிர் போகும் இடங்களைத் தவிர்த்துவிடலாம். தடித்த கோடு போட்ட பழைய அமெரிக்க பாணிக்கு இடைவெளியே அழகு. நட்சத்திரமும் புள்ளியும் போதும். திட்டமிட்ட ஸ்லீவில் எந்த இடத்துக்கும் விலக்கு கிடையாது. ஆறின பிறகே அடுத்த செஷன் என்பதால் மாதக்கணக்கில் இழுக்கும்.

சரி, நம் மாநிறத் தோலுக்கு? மை தங்குவது மேல்தோலுக்கு அடியில். அதை நம் நிறத்தின் வழியாகத்தான் பார்க்கிறோம். மஞ்சளும் வெளிர் வண்ணங்களும் மங்கிவிடும். 1970களில் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் சிக்கானோ (மெக்சிகோ வம்சாவளி அமெரிக்க) கலைஞர்கள் வளர்த்தெடுத்த கறுப்பு-சாம்பல் பாணியில் வெளிச்சத்துக்குத் தோலையே விட்டுவிடுகிறார்கள். அழுத்தமான கறுப்பு இருந்தால் நமக்கு நன்றாக எடுக்கும். என் ஓட்டு இதற்குத்தான், அதுவும் திட்டமிட்ட ஸ்லீவாக. ஆர்ட்டிஸ்டிடம் அன்றைக்குக் குத்திய படத்தைக் கேட்காதீர்கள், மாநிறக் கையில் ஆறி வருஷமான படத்தைக் கேளுங்கள்.

ராணுவ ஆசை இருந்தால் இரண்டுமே வேண்டாம். மேல்கையில் டாட்டூவுக்கு அங்கே பொதுவாக அனுமதி இல்லை. அப்புறம் ரத்த தானம். டாட்டூ போட்டால் 12 மாதம் கொடுக்க முடியாது. திட்டமிட்டவர் கடைசி செஷனிலிருந்து ஒரு வருஷம் காத்திருந்தால் போதும். வருஷத்துக்கு இரண்டு என்று சேர்த்துக்கொண்டே போகிறவருக்கு அந்த 12 மாதம் முடிவதே இல்லை.