கல்லில் பெயரா, வெண்கலத்தில் ஆளா?

திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பக்கம், எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. மகேந்திரவர்மன் காலத்தது. தன் எருமைகளைக் காக்கப் போய் உயிரைவிட்ட கருந்தேவக்கத்தியின் உருவம், அருகே அவனுடைய நாய். நாய்க்கும் தனியாக எழுத்து வெட்டியிருக்கிறார்கள்: பெயர் கோவிவன், இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது. உருவம், பெயர், செய்த காரியம் மூன்றும் ஒரே கல்லில் அடங்கிவிட்டன.

ஒரு ஊர், ஒரு சண்டை, ஒரு வீரன் என்றால் இது போதும். 58,000 பேர் செத்துப்போன ஒரு போருக்கு என்ன செய்வது? வியட்நாம் போருக்கு நினைவுச்சின்னம் எழுப்பப் புறப்பட்ட அமெரிக்கர்கள் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

1981இல் போட்டி வைத்தார்கள். வந்தவை 1,421 வடிவமைப்புகள். வரைந்தவர் பெயர் நடுவர்களுக்குத் தெரியாது, எண் மட்டும்தான். 1026ஆம் எண் ஜெயித்தது. பிரித்துப் பார்த்தால் மாயா லின், யேல் பல்கலைக்கழக மாணவி, வயது 21. தரைக்குள் இறங்கும் இரண்டு கறுப்புக் கிரானைட் சுவர்கள், ஒவ்வொன்றும் சுமார் 75 மீட்டர், சேரும் மூலையில் மூன்று மீட்டர் உயரம். (கல் நம் பெங்களூர்ப் பக்கத்துக் கல் என்பது கொசுறுச் செய்தி.) சுவர் முழுக்கப் பெயர்கள். பதவி கிடையாது, பதக்கம் கிடையாது, சிலையும் கிடையாது.

முன்னாள் வீரர்களில் ஒரு சாரார் கொதித்தார்கள். கறுப்பாக, பள்ளத்தில், அவமானத் தழும்பு மாதிரி இருக்கிறது என்றார்கள். அனுமதி தரவேண்டிய உள்துறை அமைச்சரும் இழுத்தடித்தார். கடைசியில் ஒரு சமரசம்: சுவரும் இருக்கட்டும், கொஞ்சம் தள்ளிக் கொடிமரமும் பிரெடரிக் ஹார்ட் செய்யும் மூன்று சிப்பாய்களின் வெண்கலச் சிலையும் வரட்டும். சுவர் 1982இல் திறக்கப்பட்டது, சிலை 1984இல் வந்தது. போட்டியிட்ட இரண்டு யோசனைகளும் இன்று ஒரே புல்வெளியில் நிற்கின்றன. ஒப்பிட இதைவிட வசதியான இடம் கிடைக்காது.

சிலையின் பலம், யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டாம். தோளில் தோட்டா மாலை, களைத்த முகம், சுவர் இருக்கும் திசையில் பார்வை. குழந்தைக்குக்கூடப் புரியும். சிக்கல் என்னவென்றால், உருவம் வைத்த உடனே 'நாங்கள் எங்கே?' என்று யாராவது கேட்பார்கள். மூவரில் ஒருவர் வெள்ளையர், ஒருவர் கறுப்பர், ஒருவர் லத்தீன் அமெரிக்கர் என்று ஹார்ட் பார்த்துப் பார்த்துத்தான் செய்தார். அப்படியும் போர்முனையில் வேலை பார்த்த நர்ஸுகள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 1993இல் பெண்களுக்குத் தனிச் சிலை வந்தது. இதற்கு முடிவே கிடையாது. பெயர்ச் சுவரில் இந்தத் தகராறு எழ வழியில்லை.

ஆனால் பெயர்களை எந்த வரிசையில் எழுதுவது? அகர வரிசை வேண்டும், தேட எளிது என்று வற்புறுத்தினார்கள். பட்டியலைப் புரட்டினால் ஸ்மித் மட்டும் அறுநூறு பேருக்கு மேல், ஜேம்ஸ் ஜோன்ஸ் பதினாறு பேர். எந்த ஜோன்ஸ் யாருடைய மகன் என்று தெரியப்போவதில்லை. சுவரா டெலிபோன் டைரக்டரியா என்று ஆகிவிடும். லின் கேட்டபடியே இறந்த நாள் வரிசை நிலைத்தது. ஒரே நாளில், ஒரே சண்டையில் விழுந்தவர்கள் பக்கத்தில் பக்கத்தில் வருகிறார்கள். உயிர் தப்பியவன் தன் நாளைத் தேடிப் போய் நிற்கலாம். பளபளப்பான கல்லில் பெயர்களுக்கு நடுவே அவன் முகமே தெரியும். காகிதத்தை எழுத்தின்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து, பெயரைப் பிரதி எடுத்துப் போகிறார்கள். கைக்கு எட்டும் உயரம் என்பது சின்ன விஷயமில்லை. டில்லி இந்தியா கேட்டிலும் 13,000க்கு மேல் பெயர்கள் வெட்டியிருக்கிறார்கள். 42 மீட்டர் வளைவை அண்ணாந்து பார்த்து யார் படித்தார்கள்?

சுவரிடம் எனக்கு ஒரே ஒரு குறை. அது இழப்பைச் சொல்கிறது, வீரத்தைச் சொல்வதில்லை. கூட இருந்தவர்களைக் காப்பாற்றக் கையெறி குண்டின்மேல் விழுந்தவனுக்கும் விபத்தில் இறந்தவனுக்கும் ஒரே அளவு எழுத்து. சமத்துவம், சரி. நடுகல் வெட்டியவன் இதை ஒத்துக்கொள்ளமாட்டான். நாய் என்ன செய்தது என்றுகூட எழுதியவன் அவன்.

2019இல் இந்தியா கேட் அருகே திறந்த தேசியப் போர் நினைவுச்சின்னம் பெயர், உருவம், செய்த காரியம் மூன்றையும் சேர்க்கப் பார்த்தது. போட்டியில் வென்றது சென்னையைச் சேர்ந்த யோகேஷ் சந்திரஹாசனின் வடிவமைப்பு. வட்டத்துக்குள் வட்டம். ஒரு வட்டத்தில் பதினாறு சுவர்கள். திறந்தபோது 25,942 பெயர்கள், கைக்கு எட்டும் கிரானைட் பலகைகளில். இன்னொரு வட்டத்தில் ரெசாங் லா, லோங்கேவாலா போன்ற ஆறு சண்டைகள் வெண்கலத்தில். போர்க்கள வீரத்துக்கான நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்கரம் பெற்ற 21 பேருக்குத் தனியிடத்தில் மார்பளவுச் சிலைகள். பெயரோடு பதவியையும் படைப்பிரிவையும் பொறித்திருக்கிறார்கள். எனக்குப் பதவி வேண்டாம், படைப்பிரிவு இருக்கலாம்.

அந்த 21 பேரில் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் இருக்கிறார். தமிழர். 1987இல், இந்திய அமைதிப்படையில், இலங்கை மண்ணில் இறந்தவர். அந்தப் படை அங்கே போனதைப் பற்றி ஒரு டீக்கடையில் பேச்செடுத்தால் நான்கு கட்சி கிளம்பும். மார்பளவுச் சிலை மட்டும் இருந்தால் பார்ப்பவர் அந்த டீக்கடைச் சண்டைக்குத்தான் போவார். மார்பில் குண்டு பாய்ந்த பிறகும் எதிரியின் துப்பாக்கியைப் பறித்துச் சுட்டார் என்பது அவருக்கான விருதுக் குறிப்பில் இருக்கிறது. ஒரு வரிதான். பெயருக்குக் கீழே அந்த ஒரு வரிக்கு எந்தக் கல்லிலும் இடம் இருக்கும்.