குழாய்க் கைப்பிடி உடைந்தால்: ஒட்டுவதா, கைப்பிடி மட்டுமா, ஸ்பிண்டிலா, முழுக் குழாயா?

எங்கள் தண்டையார்பேட்டை வீட்டுக் குளியலறையில் ஏழெட்டு மாதம் ஒரு கட்டிங் பிளேயர் குடியிருந்தது. குழாயின் கைப்பிடி உடைந்துபோய், நடுவில் நீட்டிக்கொண்டிருந்த தண்டை அந்தப் பிளேயரால் பிடித்துத் திருகித்தான் குளித்தோம். ஊரிலிருந்து யாராவது வந்தால் துண்டு கொடுப்பதற்கு முன்பே பிளேயரை எப்படிப் பிடிப்பது என்று சொல்லித்தர வேண்டும். ஒருநாள் மாமியார் ஈரக் கையோடு அதைக் கால்மேல் போட்டுக்கொண்டார். அன்றுதான் இதைச் சரிசெய்யக் கிளம்பினேன்.

கிளம்பிய பிறகுதான் தெரிந்தது, இதற்கு நான்கு வழி உண்டு. உடைந்ததையே ஒட்டலாம். கைப்பிடியை மட்டும் மாற்றலாம். அதைத் தாங்கும் உள்தண்டை, அதாவது கடையில் ஸ்பிண்டில் என்று கேட்கிறோமே அதை, மாற்றலாம். இல்லை, குழாயையே கழற்றிப் புதுசு போடலாம். நான்கையும் ஏதோ ஒரு குழாயில் செய்து பார்த்துவிட்டேன் என்பதால் எழுதுகிறேன்.

எந்த வழியில் போனாலும் முதலில் பழைய கைப்பிடியைக் கழற்றியாக வேண்டும். அதன் நடுவிலோ பக்கத்திலோ சின்ன மூடி ஒன்று இருக்கும். நகத்தாலோ மெல்லிய திருப்புளியாலோ நெம்பினால் வந்துவிடும். உள்ளே ஒரு திருகாணி. பக்கவாட்டில் இருந்தால் பெரும்பாலும் அதற்கு எல்-கீதான் (எல் வடிவில் வளைந்த சாவி) வேண்டும். திருகாணி உருண்டு ஓட்டைக்குள் போய்விடாமல் இருக்க, ஆரம்பிக்கும் முன்பே தரை ஓட்டையைத் துணியால் அடைத்துவிடுங்கள். நான் அடைக்காமல் ஆரம்பித்து, முதல் திருகாணியைச் சாக்கடைக்குத் தாரை வார்த்தவள்.

திருகாணியை எடுத்த பிறகும் கைப்பிடி வராது. உப்பு இறுகிப் பிடித்திருக்கும். சுத்தியலால் தட்டத் தோன்றும், தட்டாதீர்கள். உள்ளே தண்ணீரை அடைப்பது பீங்கான் தகடு என்றால் அதிலும் விரிசல் விழுந்துவிடும். துருநீக்கி ஸ்ப்ரே அடித்துக் கொஞ்ச நேரம் விட்டு, வெந்நீரை மெல்ல ஊற்றி, மேல்நோக்கி இழுத்தபடி இடமும் வலமும் ஆட்டினால் பெரும்பாலும் வரும். அப்படியும் வரவில்லையென்றால், பைக் மெக்கானிக்கிடம் பேரிங் இழுக்கும் புல்லர் இருக்கும். சிறிய அளவு கிடைத்தால் அதுவே போதும். கைப்பிடியைத் தூக்கிப்போடுவது என்று முடிவாகிவிட்டால் ஹாக்ஸா பிளேடால் ஒரு பக்கம் அறுத்துவிடலாம், தண்டில் படாமல்.

கையில் வந்ததும் இரண்டு இடத்தைப் பாருங்கள். கைப்பிடியின் உள்ளே உள்ள பற்கள் மழுங்கியிருக்கிறதா? தண்டின் தலையில் உள்ள பற்கள் மழுங்கியிருக்கிறதா? அப்புறம் தண்டை விரலால் திருகிப் பாருங்கள். கொஞ்சம் அழுத்தினால் சுற்றுகிறது என்றால் கைப்பிடியில்தான் கோளாறு. அசையவே மாட்டேன் என்றால் கைப்பிடி பாவம், அது உடைக்கப்பட்டது. உள்ளே ஸ்பிண்டில் இறுகிப்போய், நாம் இன்னும் பலமாகத் திருக, பலவீனமான இடம் உடைந்திருக்கிறது. அந்தக் குழாய்க்கு எவ்வளவு நல்ல கைப்பிடி போட்டாலும் அடுத்த வருஷம் அதுவும் உடையும்.

ஒட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எம்-சீல் வைத்து உருட்டிப் பிடித்தால் இரண்டு வாரம் நிற்கும். மேல் மூடியோ அலங்கார வளையமோ பெயர்ந்திருந்தால் சரி. முறுக்கு விழும் இடத்தில் அது தாங்காது. அதைவிட மோசம், பசை தண்டுப் பற்களில் இறங்கிக் கெட்டியாகிவிட்டால் அடுத்த முறை கைப்பிடியையும் ஸ்பிண்டிலையும் சேர்த்துத்தான் எறிய வேண்டும்.

கைப்பிடி மட்டும் மாற்றுவது நான்கிலும் மலிவு, ஐந்து நிமிட வேலை. ஆனால் பொருத்தமானது கிடைக்க வேண்டுமே. தண்டின் தலை எல்லாக் குழாய்க்கும் ஒன்றல்ல. சிலவற்றில் சதுரம். சிலவற்றில் பற்கள், அதிலும் 20 பல், 24 பல் என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மண்ணடியில் ஒரு ஹார்டுவேர் கடையில் போய் "அரை இஞ்ச் குழாய்க்கு ஹேண்டில் கொடுங்க" என்றேன். கடைக்காரர் என் வெறுங்கையைப் பார்த்துவிட்டு, "அக்கா, பழசை எடுத்துட்டு வாங்க, இல்லன்னா நீங்க நாலு வாட்டி நடக்கணும்" என்றார். நடந்தேன், மூன்று முறை. எல்லாக் குழாய்க்கும் பொருந்தும் என்று பக்கத் திருகாணியோடு விற்கிற கைப்பிடியும் உண்டு. தண்டை இறுக்கிக் கவ்விக்கொள்ளும், அவசரத்துக்கு ஓடும். பள்ளம் விழுந்த தண்டில் அதுவும் நழுவும்.

பிளேயர் பழக்கம் கைப்பிடி மாற்றுவதைத்தான் முதலில் கெடுக்கிறது. ஒவ்வொரு முறையும் பித்தளைப் பற்களைக் கடித்துத் தின்றுவிடுகிறது. முதல் வாரமே கைப்பிடி வாங்கியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஏழு மாதம் கழித்துப் போன எனக்கு ஸ்பிண்டிலைத் தவிர வேறு வழியில்லை.

ஸ்பிண்டில் மாற்றுவதுதான் என் கட்சி, அதிலும் எங்கள் பக்கத்துத் தண்ணீருக்கு. வட சென்னையில் பல வீடுகளுக்கு இரண்டு தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் மெட்ரோ வாட்டர். மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் 2010-இல் தொடங்கிய, நாளைக்கு 10 கோடி லிட்டர் திறன்கொண்ட கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வருவதும் அதில் சேர்ந்தது. குளிக்க, துவைக்க போர் தண்ணீர். கடலோரம் என்பதால் அதில் உப்புக் கரிக்கும், வாளியில் வெள்ளைப் படலம் விடும். எங்கள் வீட்டில் ஒரே நாளில் வாங்கிய ஒரே கம்பெனிக் குழாய்கள் இரண்டு. சமையலறையில் மெட்ரோ தண்ணீரில் இருப்பது இன்னமும் விரல் பட்டாலே திரும்புகிறது. போர் லைனில் இருந்ததுதான் கட்டிங் பிளேயர் வரைக்கும் வந்தது. (தெருவில் அடி பம்பு அடித்துக் குடம் நிரப்புகிற வீட்டுக்காரர்கள் இதைப் படித்துச் சிரிப்பார்கள். அங்கே உடைவது இடுப்புதான்.)

ஸ்பிண்டிலில் இரண்டு ஜாதி. பழையது வாஷர் வைத்தது. நான்கைந்து சுற்று சுற்றினால் மூடும். புதியது கால் சுற்றில் திறந்து மூடும் பீங்கான் தகடு வகை. திறக்க சுகமானது புதியதுதான், சந்தேகமில்லை. ஆனால் மணலும் துருவும் வரும் தண்ணீரில் அந்தத் தகடுகளில் கீறல் விழும். கீறல் விழுந்தால் சொட்டுவதை நிறுத்த முடியாது, முழு ஸ்பிண்டிலும் போக வேண்டியதுதான். உப்பு மட்டும் படிந்து இறுகியிருந்தால் கழற்றி வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பாருங்கள், சில சமயம் பிழைத்துக்கொள்ளும். வாஷர் வகை அழுக்கை அதிகம் பொறுக்கும். கெட்டுப்போனால் சில ரூபாய் ரப்பரோடு முடியும். அதனால் போர் லைனுக்கு வாஷர் வகையே போதும் என்பேன். வீட்டில் என் கணவர் இதை ஒத்துக்கொள்வதில்லை. முழங்கை வலியுள்ள அம்மாவுக்கு நாலு சுற்று எதற்கு என்கிறார். அதிலும் நியாயம் இருக்கிறது.

மாற்றும் வேலை ஒன்றும் பெரிதல்ல. மொட்டைமாடி டேங்கின் வால்வை மூடி, குழாயைத் திறந்து தேங்கிய தண்ணீரை விட்டுவிடுங்கள். குழாயின் உடலைத் துணி சுற்றி ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு, மேலே உள்ள அறுகோண நட்டை இன்னொன்றால் இடப்பக்கம் திருப்ப வேண்டும். உடலைப் பிடிக்கும் அந்த ஸ்பேனர் ரொம்ப முக்கியம். இல்லாவிட்டால் குழாய் சுவருக்குள்ளேயே திரும்பும். உள்ளே மண்டிய உப்பைப் பழைய டூத்பிரஷால் தேய்த்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். வாஷர் உட்காரும் பித்தளை விளிம்பில் குழி விழுந்திருந்தால் புது வாஷரும் சொட்டும். அப்போது முழுக் குழாய்தான்.

முழுக் குழாய் மாற்றுவதுதான் எல்லோரும் முதலில் சொல்வது. பிளம்பருக்கும் அதுதான் பிடிக்கும், ஒரே வேலையில் முடியும். புதிய வீட்டில் சரி. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கத்துப் பழைய கட்டடங்களில் சுவருக்குள் இருப்பது ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். குழாயைத் திருகும்போது துருப்பிடித்த பைப்பின் மரை உள்ளேயே உடைந்துவிட்டால், நூறு ரூபாய்க் கைப்பிடி வேலை டைல்ஸ் உடைக்கும் வேலையாகிவிடும். என் நாத்தனார் வீட்டில் அப்படித்தான் ஆனது. அதே நிறத்தில் டைல்ஸ் கிடைக்காமல் இன்றும் அந்தச் சுவரில் ஒரு பச்சைக் கட்டம் நிற்கிறது.

மாற்றியே ஆக வேண்டும் என்றால் பித்தளையா, பிளாஸ்டிக்கா? பிடிஎம்டி என்று விற்கும் பிளாஸ்டிக் குழாய்க்கு உப்புக் காற்றும் உப்புத் தண்ணீரும் பொருட்டில்லை. முலாம் உரியாது, பச்சை பிடிக்காது. பலமாக இழுத்தால் முறியும், அவ்வளவுதான். வாடகை வீட்டுக்கும் மொட்டைமாடிக்கும் நான் அதையே போடுவேன். பித்தளை வாங்கினால் உடலில் ஐஎஸ் 781 என்ற இந்தியத் தர முத்திரை இருக்கிறதா பாருங்கள். கைப்பிடியையும் கையில் எடுத்துப் பாருங்கள். பல குழாய்களில் உடல் பித்தளை, கைப்பிடி துத்தநாகக் கலவை. முலாம் விட்டதும் வெள்ளைப் பொடியாக உதிர்வது அதுதான். டாய்லெட் ஆசிட்டைக் குழாயில் படவிட்டால் அது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

எங்கள் குளியலறையில் இப்போது வாஷர் ஸ்பிண்டிலும் புதுக் கைப்பிடியும். அம்மா வந்தால் தங்கும் அறையில் மட்டும் கால் சுற்று. கழற்றிய பழைய பாகங்களைக் காயலான் கடையில் போட்டேன். பித்தளைத் தண்டுக்கு எடை போட்டுக் காசு கொடுத்தவர், உடைந்த கைப்பிடியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.