மதுரையிலிருந்து ராமேஸ்வரம்: டாக்ஸியில் போய்வரும் கொழும்புக்காரர்களுக்கு

ராமேஸ்வரம் போகப்போகிறோம் என்று யாராவது சொன்னால், அடுத்த கேள்வி டாக்ஸி எவ்வளவு எடுக்கும் என்பதுதான். எங்கள் வீட்டில் பிதிர்க்கடனுக்கும் நேர்த்திக்குமாக வருடக்கணக்காகப் போய்வருகிறோம், கட்டுநாயக்கவில் ஏறி மதுரையில் இறங்குவது, அங்கிருந்து கார். கிலோமீற்றருக்கு ஒரு ரூபாய் இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவதை விட, எத்தனை நாள் தங்கப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். காசு கூடுவதும் குறைவதும் அதில்தான்.

தமிழ்நாட்டில் 'ரவுண்ட் ட்ரிப்' (போகவர ஒரே வண்டி) என்றால் பெரும்பாலும் ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீற்றர் என்று கணக்கு, வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் ஒரு வழி ஏறக்குறைய 170. ஆக இரண்டு நாள் பயணத்தில் 500 கிலோமீற்றருக்குப் பணம் கட்டுகிறோம், ஆனால் போகவர 340 தான். தனுஷ்கோடிக் கரையின் கடைசி முனையான அரிச்சல்முனை போய்வந்தாலும் கையில் கணிசமாக மிச்சம் இருக்கும். அதை விட்டுவிடாதீர்கள். திரும்பும் வழியில் ராமநாதபுரத்திலிருந்து திருப்புல்லாணிக்கும் உத்தரகோசமங்கைக்கும் விடச் சொல்லுங்கள், இரண்டும் அந்தப் பக்கம்தான், மேலதிகக் காசில்லாமல் பார்த்துவிடலாம். இராமர் தர்ப்பைப் புல்லில் கிடந்த கோலத்தைத் திருப்புல்லாணியில் பார்த்த பிறகுதான் அம்மாவுக்கு யாத்திரை முழுமையான மாதிரி இருந்தது.

மூன்று நான்கு நாள் தங்குகிறவர்களுக்கு இது சரிவராது. வண்டி லாட்ஜ் வாசலில் சும்மா நிற்கும் நாளுக்கும் 250 ஏறும். அப்போது போக ஒரு 'டிராப் டாக்ஸி' (ஒரு வழிக்கு மட்டும் பிடிக்கும் வண்டி), வர ஒரு 'டிராப் டாக்ஸி', ஊருக்குள் ஆட்டோ. டிராப் வண்டியில் கிலோமீற்றர் ரேட் கொஞ்சம் கூடத்தான், ஆனாலும் மொத்தத்தில் மலிவு.

வயதானவர்களோடு போனால் என் விருப்பம் எப்போதும் இரண்டு நாள், ஒரே சாரதி. ஸ்படிகலிங்க தரிசனம் விடியற்காலை ஐந்து மணிக்கு. "நாலரைக்கெல்லாம் கீழ வந்துருங்கம்மா, நான் வாசல்லயே நிப்பேன்" என்று சொல்லி, சொன்னபடியே நின்ற ஒரு அண்ணனை இன்னும் மறக்க முடியவில்லை. அக்னி தீர்த்தத்தில் முழுகி, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடி, சொட்டச் சொட்ட வந்த அம்மாவையும் மாமியையும் பார்த்ததும் அவர் டிக்கியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் விரிப்பை எடுத்துப் பின் சீட்டில் போட்டு, ஏசியை நிறுத்திவிட்டுத்தான் கதவைத் திறந்தார். புதிதாக வருகிற டிராப் சாரதியிடம் இதையெல்லாம் எதிர்பார்க்க முடியாது.

டிக்கி என்றதும் ஞாபகம் வருகிறது. செடான் கார் பதிகிறவர்கள் டிக்கிக்குள் சிஎன்ஜி (எரிவாயு) சிலிண்டர் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். ஒருமுறை ஒரு ஏஜென்ட் அனுப்பிய காரில் பாதி டிக்கியைச் சிலிண்டரே பிடித்திருந்தது, கொழும்பிலிருந்து கொண்டுபோன பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு பரமக்குடி வரை போனோம். அதே ஆள் கடைசியில் மீற்றரை விமான நிலையத்திலிருந்து அல்ல, வண்டி புறப்பட்ட ஷெட்டிலிருந்து கணக்குப் பார்க்க வேண்டும் என்றார். நல்லவேளையாக எல்லாம் வட்ஸ்அப்பில் எழுத்தில் இருந்தது, காட்டியதும் அடங்கிவிட்டார். கிலோமீற்றர் எங்கே தொடங்குகிறது, சாரதி பேட்டா (நாள் படி) எவ்வளவு, டோல், பார்க்கிங் யார் பொறுப்பு, இரவுக்குத் தனியாக வாங்குவார்களா, தனுஷ்கோடிக்கு வண்டி வருமா, இத்தனையையும் எழுதி வாங்குங்கள். டோல் ஃபாஸ்டேக்கில் (வண்டிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்) தானாகக் கழியும், அதற்கு வரும் மெசேஜைப் பார்த்து அந்தத் தொகையைக் கொடுத்தால் போதும்.

எல்லாரும் ஜிபே (போனிலேயே காசு அனுப்பும் வசதி) கேட்பார்கள், நம்மிடம் அது இல்லை. இந்திய ரூபாயைச் சில்லறையாகவே வைத்திருங்கள். வழியில் டீசலுக்கென்று முற்பணம் கேட்பது அங்கே வழக்கம், பயப்பட ஒன்றுமில்லை, கொடுத்ததைக் குறித்துக்கொண்டால் சரி. மஞ்சள் நம்பர் பிளேட் இல்லாத வண்டியில் மட்டும், எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் ஏறாதீர்கள். வெள்ளை பிளேட் என்றால் சொந்தப் பாவனை வண்டி, விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கைகொடுக்காமல் போகலாம்.

பாதை நல்ல பாதை. பரமக்குடி வரை நான்கு வழிச்சாலை, அதன் பிறகு சாலை ஒடுங்கும், எதிரே பஸ்கள் வேகமாக வரும், அதனால் இரவுப் பயணத்தை நான் ஒத்துக்கொள்வதே இல்லை. பாம்பன் பாலத்தைப் பகலில் கடக்க வேண்டும் என்பதும் இன்னொரு காரணம். 1914 இல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாக 2025 இல் திறந்த புதிய தூக்குப் பாலத்தைக் காரில் இருந்தபடியே பார்க்கலாம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை நம் ஆட்கள் கொழும்புக் கோட்டையில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்து நேரே அங்கே போய் இறங்கினார்கள். அரிச்சல்முனையில் நின்று மன்னார்ப் பக்கம் பார்க்கும்போது, இவ்வளவு கிட்ட இருந்துகொண்டு மதுரை சுற்றி வருகிறோமே என்று ஒவ்வொரு முறையும் மனம் கனக்கும். அங்கே மாலைக்குப் பிறகு வண்டிகளை விடமாட்டார்கள், முதல் நாள் மதியத்துக்குப் பிறகே போய்விடுங்கள், அந்த நேரம் எப்படியும் கோயில் நடை சாத்தியிருக்கும்.

அப்புறம், லாட்ஜ் போடும்போதே சாரதிக்குப் படுக்க இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். பலர் சீட்டைச் சாய்த்துக் காருக்குள்ளேயே படுக்கிறார்கள், அந்தக் கடற்கரைப் புழுக்கத்தில் தூக்கம் எங்கே வரும்? சில லாட்ஜ்களில் சாரதிகளுக்கென்று பொது அறை உண்டு, நாங்கள் இப்போது அப்படிப்பட்ட இடமாகப் பார்த்துத்தான் அறை போடுகிறோம்.