காலிக் கோட்டை ஒருநாள் ட்ரிப்: 45,500 ரூபா போச்சு, கவனம்

சனி ஞாயிறில் கொழும்பிலிருந்து காலிக் கோட்டைக்கு வேன் விடுகிறோம் என்று ஆள் சேர்க்கும் ஒரு சமூக வலைத்தளப் பக்கத்துக்குப் போன வெள்ளிக்கிழமை 45,500 ரூபா கட்டினோம். ஏழு பேர், தலைக்கு 6,500. ஏசி வேன், போக வர ஹைவே, காலை பகல் சாப்பாடு, தமிழ் கைட், நுழைவுச்சீட்டு எல்லாம் அடக்கம் என்றார்கள். கிடைத்தது வேன் மட்டும். அதிலும் ஏசி வேலை செய்யவில்லை.

ஃபோனில் கதைத்தவர் அவ்வளவு பணிவு. "அக்கா, வயசானவங்க யாராவது வாராங்களா? முன் சீட் வச்சுத் தாரேன்" என்று அவராகவே கேட்டார். நம்பர் பிளேட் தெரிகிற மாதிரி வேன் படம், ஐடென்டிட்டி கார்ட் கொப்பி எல்லாம் வந்தது. அதற்குப் பிறகுதான், "பன்னிரண்டு மணிக்குள்ள போட்டாத்தான் சீட், வேற ஃபேமிலி ஒன்னு கேட்டுக்கிட்டு இருக்கு." வங்கிக் கணக்கு ஒரு தனி ஆளின் பெயரில். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். முன் சீட் பேச்சில் விழுந்தாச்சு.

அனுப்பிய பட்டியலை ஆறுதலாகப் படித்திருந்தாலே பிடிபட்டிருக்கும். "கோட்டை நுழைவுச்சீட்டு 850." காலிக் கோட்டைக்குள் போக டிக்கெட்டே கிடையாது. ஆட்கள் குடியிருக்கும் இடம் அது, உள்ளே மியூசியங்களுக்குத்தான் தனியாகக் காசு. இல்லாத சீட்டுக்கு ஏழு பேரிடம் 5,950! அடுத்த வரி "மும்மொழிக் கல்வெட்டு பார்த்தல்". 1409ஆம் ஆண்டு திகதியோடு, சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் பொறித்த அந்தக் கல் 1911இல் காலியில் கிடைத்தது உண்மை. இப்போது இருப்பது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில். வெள்ளவத்தையிலிருந்து ஓட்டோவில் போய்ப் பார்க்கலாம்.

மறுநாள் காலை 5.30க்கு வரவேண்டிய வேன் 8.40க்கு வந்தது, படத்தில் இருந்த வேனும் இல்லை. ஹைவே ஏறாமல் காலி வீதியிலேயே களுத்துறை, அம்பலாங்கொடை என்று ஊர்ந்து 12.50க்குச் சேர்ந்தது. கொழும்புப் பக்கம் கொட்டாவையில் ஹைவே ஏறினால் காலிக்குப் பக்கத்துப் பின்னதூவவில் இறங்க ஒன்றேகால் மணித்தியாலம் போதும். விஷயம் என்னவென்றால், பக்கம் நடத்துபவர்களிடம் வேனே இல்லை. காசை வாங்கி, தங்கள் பங்கைக் கழித்து, மிச்சத்துக்கு ஒத்துக்கொள்கிற யாரோ ஒருவருக்கு ஹயரைத் தள்ளிவிடுகிறார்கள். தன் கைக்கு வந்தது 18,000 என்று டிரைவரே சொன்னார். அதில் டோல், டீசல், சாப்பாடு என்று அவர் எதைத்தான் பார்ப்பார்?

ஒரு மணி வெயிலில் மதில்மேல் நடக்க முடியாது. நிழல் இல்லை, கல் சுடும். காலை பத்துக்கு முன் ஏற வேண்டும், அல்லது மாலை நாலுக்குப் பின். 1669 என்று பொறித்த ஒல்லாந்தர் சின்னம் இருக்கும் பழைய வாசலைக் கைட் இல்லாமல் தேடிப்பிடித்து நின்றபோது மணி மூன்று. டிரைவர் கோல்: "அடுத்த ஹயர் இருக்கு, வந்து ஏறுங்க." மறுத்தோம், போய்விட்டார். திரும்பியது பஸ்ஸில், சொந்தக் காசில்.

காசைத் திருப்பிக் கேட்டதற்குப் பக்கத்தின் பதில்கள். ஞாயிறு: "டிரைவரோட பேசிக்கங்க, எங்களுக்குச் சம்பந்தமில்ல." திங்கள்: "அட்மின் வெளியூர்." செவ்வாய்: "வேன்ல ஏறினீங்கதானே, ஏறினா ரீஃபண்ட் இல்ல." நேற்று நீல டிக் மட்டும். இன்று காலை ப்ளொக். முன் சீட் தாரேன் என்ற அதே நம்பர். 45,500 ரூபா!

விவரமாக எழுத நினைத்தேன், இப்ப கை ஓடவில்லை. தனி ஆள் கணக்குக்கு முழுக்காசும் போடாதீங்க, மிச்சம் வேன் வாசலுக்கு வந்த பிறகு. டிரைவர் நம்பரை முதல்நாளே வாங்கி, ஹைவேயா, உங்களுக்கு எவ்வளவு என்று அவரிடமே கேளுங்க. இல்லையென்றால் கொட்டாவைக்குப் பக்கத்து மாக்கும்புர பஸ் நிலையத்தில் ஹைவே பஸ் ஏறுங்க, காலி பஸ் நிலையத்திலிருந்து கோட்டை நடை தூரம்தான். சிலிப்பையும் ஸ்கிரீன்ஷொட்டையும் அழிக்காதீங்க. நுகர்வோர் அதிகார சபை நம்பர் 1977. இதே மாதிரிக் கட்டி ஏமாந்தவர்கள் மெசேஜ் பண்ணுங்க, சேர்ந்து முறைப்பாடு போடுவோம்.