பதிவர் நட்பு: பதினேழு வருடம் பயன்படுத்திய பிறகு

வாங்கிய வாரத்திலேயே மிக்சிக்கு விமர்சனம் எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. இரண்டு தீபாவளிக்கு மாவு அரைத்த பிறகு சொல்லட்டும், கேட்கிறேன். பதிவர் நட்பை, அதாவது இணையத்தில் வலைப்பதிவு (பிளாக்) எழுதுகிறவர்களுக்குள் உண்டாகும் நட்பைப் பற்றி நான் எழுதுவதும் அப்படித்தான். 2007-இல் ஈ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளை இறக்கி, தமிழில் தட்டப் பழகி, ஒரு புனைபெயரும் வைத்துக்கொண்டு வலைப்பதிவு தொடங்கினேன்.

அப்போது தமிழ்மணம்தான் எல்லோருக்கும் வாசல். காசி ஆறுமுகம் 2004-இல் தொடங்கிய திரட்டி, அதாவது பலருடைய பதிவுகளையும் ஒரே இடத்தில் திரட்டிக் காட்டும் தளம். புது இடுகைகள் ஒரு வரிசையில் தெரியும், அண்மையில் பின்னூட்டம் (கமெண்ட்) விழுந்தவை இன்னொரு வரிசையில். ஆகவே யாராவது பின்னூட்டம் போட்டுக்கொண்டே இருந்தால் நம் இடுகை முகப்பிலேயே மிதக்கும். தனக்குத் தானே போட்டு மேலே தள்ளினால் அதற்குப் ‘பின்னூட்டக் கயமை’ என்று பெயர். நண்பர்கள் போட்டால் கும்மி. ‘மீ த பர்ஸ்ட்டு’ என்று ஒருவர் தொடங்கி வைப்பார், அப்புறம் இடுகைக்கும் பேச்சுக்கும் சம்பந்தமே இருக்காது. பாதிப் பேர் நான் எழுதியதைப் படித்திருக்க மாட்டார்கள். ஆனாலும் ராத்திரி பதினொரு மணிக்கு வந்து தள்ளிவிட்டுப் போனார்கள். நின்றுபோன வண்டியைத் தள்ளுகிறவரிடம் ஊர், பேர் யார் கேட்பது?

முதல் சந்திப்பு மெரினாவில், காந்தி சிலைக்குப் பின்னால். வட்டமாக உட்கார்ந்தோம். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், ஆனால் எந்த முகம் எந்தப் பெயர் என்று தெரியாது. அங்கே ஒரு சிக்கல் வந்தது, நான் எதிர்பார்க்கவே இல்லை. கேஸ் சிலிண்டர் புக் செய்து நாற்பது நாளாக வராத கதையை ஆரம்பித்தேன். வீட்டில் சொன்னால் எல்லோரும் சிரிக்கும் கதை. எதிரே இருந்தவர், “அதான் படிச்சேனே” என்றார். சரி, வேறொன்று எடுத்தேன். அதையும் படித்திருந்தார். அங்கே இருந்த எல்லோருடைய கதைகளும் ஏற்கெனவே செலவாகிப் போயிருந்தன! கடைசியில் எந்த பஸ்ஸில் வந்தீர்கள், சுண்டலில் மாங்காய் போதுமா என்றுதான் பேசினோம். இருட்டிய பிறகு ஐந்தாறு பேர் டீக்கடைக்கு நகர்ந்தோம். இன்றைக்கும் என்னோடு பேசுகிறவர்கள் அந்த டீக்கடைக்கு வந்தவர்கள்தான்.

குறைகளும் உண்டு. ஒரு சந்திப்பு நடந்தால் மறுநாள் அதைப் பற்றி ஏழெட்டு இடுகைகள் வரும். யார் பெயர் விடுபட்டது, யார் படம் ஓரத்தில் வெட்டுப்பட்டது என்று மனஸ்தாபம் கிளம்பும். கடற்கரையில் தோளில் கை போட்டவர் அடுத்த வாரம் பெயர் போடாத அனானியாக வந்து பின்னூட்டத்தில் திட்டியதும் நடந்தது. அவர் எப்போதும் கமாவுக்கு முன்னால் இடைவெளி விடுவார். அதிலேயே கண்டுபிடித்துவிட்டேன். சொல்லவில்லை.

அப்புறம் கூடாரங்கள் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டன. பதிவுகளைத் தொடர்ந்து படிக்க உதவிய கூகுள் ரீடரை 2013 ஜூலையில் மூடினார்கள். கும்மி கூகுள் ப்ளஸுக்குப் போனது, 2019 ஏப்ரலில் அதுவும் போய்விட்டது. ஃபேஸ்புக்கில் கட்டைவிரல் ஒன்றைக் காட்டினால் போதும், வாயைத் திறக்க வேண்டியதில்லை. நீளமாகப் பின்னூட்டம் எழுதியவர்கள் அங்கே ஊமையாகிப் போனார்கள். எனக்கு இதில்தான் வருத்தம் அதிகம்.

சந்திப்புகளுக்கு வந்தாலும் மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவர் உண்டு. ஒரு பறவையின் பெயரில் எழுதுவார், என் கைப்பேசியிலும் அந்தப் பெயர்தான். ஒருநாள், அப்பா தவறிவிட்டார் என்று உறையூரிலிருந்து செய்தி அனுப்பினார். ராத்திரி பஸ் பிடித்துப் போனேன். தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். அதில் மகன்கள் என்று மூன்று பெயர்கள். இவர் எந்தப் பெயர்? பதினோரு வருடமாகத் தெரிந்தவர், எனக்கு அது தெரியவில்லை.

பந்தலில் ஒரு பெரியவர், “நீங்க யாருக்கு வேண்டியவங்க?” என்று கேட்டார்.

“பையனோட பிரெண்டுங்க.”

“எந்தப் பையன்? மூணு பேர் இருக்காங்களே.”

பறவையின் பெயரைத் துக்க வீட்டில் எப்படிச் சொல்வது? விழித்துக்கொண்டு நின்றேன். நல்லவேளை, உள்ளேயிருந்து அவரே வந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். அம்மாவிடம் என் புனைபெயரைத்தான் சொன்னார். அவருக்கும் வேறு பெயர் தெரியாது.

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். “அந்த சிலிண்டர் கதை எழுதினது நீங்கதானா? இவங்கப்பாவுக்குக் கண்ணு தெரியாமப் போன பிறகு இவன்தான் எல்லாத்தையும் படிச்சுக் காட்டுவான். அதை ரெண்டு தடவ படிக்கச் சொன்னாரு.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார், “கடைசில சிலிண்டர் வந்துச்சா?”

“வந்துருச்சும்மா” என்றேன்.